நின்றதும் நிறுத்தியதும்

மனிதன் கையாற் செய்த பொருள் எதுவும் என்றும் நின்று உழைப்பதில்லை. கடையாணி தேயும், பற்சக்கரம் மழுங்கும், வார்ப்பட்டை அறும், கம்பி உருகும். இஃது எல்லாரும் அறிந்த செய்தியே. ஆயினும், ஒரு பொறி எந்நாளில் நிற்கும் என்பதை, அது நிற்பதற்கு முன்னரே ஒருவாறு அளந்தறியக் கூடுமோ என்னும் வினா அறிஞர் பலரை நெடுங்காலம் வருத்தி வந்த வினாவாகும். இற்றை நாளில் அவ்வினாவிற்குக் கணிப்பொறியைக் கொண்டு தானே விடை வருமாறு செய்துள்ளனர். கணிதமும் பௌதிகமும் கற்பார் பலர் நிறைந்த இக்கல்லூரியில், தமிழ் மாணவராகிய யாம் அதனைக் குறித்து எழுதப் புகுவது கொல்லன் தெருவில் ஊசி விற்பதை ஒக்கும் என்று வாசகர் நகைக்கலாம். எண்ணைப் பற்றியது எனத் தோன்றும் அவ்விடை, ஊன்றி நோக்குங்கால் எழுத்தையும் பற்றியதாய் இருத்தலைக் கண்ணாரக் கண்டோமாதலின், இதனை எழுதத் துணிந்தோம்.

எமது தாய்மாமன் சிற்றூர் மருத்துவமனையொன்றில் பொறிகளைப் பேணும் பணியை முப்பது ஆண்டுகளாகச் செய்து வருபவர். மின்சாரம் தடைப்படுங்கால் ஓட வேண்டிய டீசல் ஜெனரேட்டர், மேல்தொட்டிக்கு நீரேற்றும் பம்புகள், அறுவைக் கூடத்திற்கு உறிஞ்சு விசை தரும் வாக்குவம் பம்புகள், காற்றினின்று பிராணவாயுவைப் பிரித்துத் தரும் பொறி, கருவிகளை நீராவியால் தூய்மை செய்யும் ஆட்டோகிளேவ் ஆகிய யாவும் அவர் பார்வையில் உள்ளன. இவற்றுள் ஒன்று நள்ளிரவில் நின்றுவிடுமாயின், அதனோடு ஒரு நோயாளியின் மூச்சும் நின்றுவிடக் கூடும். ஆதலின் அவர் இல்லத்தில் இரவு உணவிற்குப் பின் தொலைபேசி ஒலித்தால், அத்தை முதலில் அவருடைய செருப்பை வாயிற்படியில் எடுத்து வைப்பார். பிறகே யார் என்று கேட்பார்.

சென்ற கோடை விடுமுறையில் யாம் அவர் இல்லத்திற்குச் சென்றிருந்தபொழுது, அம்மருத்துவமனையார் புதியதொரு கணிப்பொறி நிரலை அமைத்திருந்தனர். எப்பொறி எந்நாளில் ஓடத் தொடங்கிற்று, எந்நாளில் பழுதுற்றது, எவ்வுறுப்பு மாற்றப்பெற்றது என்னும் குறிப்புக்களை அந்நிரல் ஏற்றுக்கொள்ளும். இரவில் எவரும் ஏவாமலே கணக்கிடும். விடியலில், இன்ன பொறியின் இன்ன உறுப்பை இத்தனை நாட்களுக்குள் கவனிக்க என்று ஒரு பட்டியலை அச்சிட்டுத் தரும். மாமன் இவ்வாண்டின் இறுதியில் ஓய்வு பெறுகின்றார். அவர்க்குப் பின் வருபவர் அவருடைய செவியையும் கையையும் பெற்று வருதல் இயலாது. அப்பட்டியலையே நம்பி நடத்தல் வேண்டும். ஆகவே பட்டியல் மெய் பேசுமோ பொய் பேசுமோ என்பது சிறிய செய்தி அன்று.

அந்நிரல் கணக்கிடும் முறையில் மந்திரம் ஏதும் இல்லை. சுவீடன் நாட்டுப் பொறியியலறிஞராகிய வலோடி வெய்புல் என்பார், பொருள்கள் முறிதலையும் தளர்தலையும் ஒரு சூத்திரத்தில் அடக்கிக் காட்டும் கட்டுரையொன்றை 1951-ஆம் ஆண்டில் வெளியிட்டார். எஃகின் வலிமை, சாம்பற்றுகளின் பருமன், பீன்ஸ் விதையின் அகலம் ஆகியவற்றோடு, இந்தியப் பருத்தி இழையின் வலிமையையும் அவர் ஆண்டு எடுத்துக்காட்டாகக் கொண்டார் என்பது நமக்கு உவகை தருவது. அச்சூத்திரத்தில் முதன்மையானவை இரண்டு எண்கள். ஒன்று ஆயுளின் அளவைச் சொல்லும். அவ்வளவு காலம் கழியும்பொழுது, நூற்றுக்கு ஏறக்குறைய 63 பொருள்கள் பழுதுற்றிருக்கும். மற்றொன்று ஆயுளின் வடிவைச் சொல்லும். அவ்வடிவெண் 1-இனும் குறையுமாயின், பொருள்கள் தம் இளமையிலேயே மிகுதியாகப் பழுதுறும். 1-ஆயின், எவ்வயதிலும் இடர் ஒரே அளவினதாகும். 1-இனும் மிகுமாயின், முதுமை ஏற ஏற இடரும் ஏறும். தன்னிடமுள்ள குறிப்புக்கள் அங்ஙனமே நிகழ்ந்திருத்தற்கு எவ்விரண்டு எண்கள் மிகவும் பொருத்தமானவையோ, அவற்றைப் பல்கால் இட்டும் திருத்தியும் கணிப்பொறி கண்டுபிடிக்கும். ஒருவர் பல நாள் அமர்ந்து செய்யும் கணக்கை அது கண்ணிமைக்கும் நேரத்தில் முடித்துவிடும்.

முதற் பட்டியல் வந்த நாளில் மாமன் அதனை இருமுறை படித்தார், பின்னர் நகைத்தார். வாக்குவம் பம்புகளின் பெல்ட்டுகள் ஓராண்டும் நில்லாமல் அறுந்துபோவன என்று அது கூறிற்று.

"மருமகனே, என் கண்முன் அறுந்த பெல்ட்டுகளை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். மற்றவையெல்லாம் நான் கழற்றியவை. நன்றாய் இருக்கும்போதே கழற்றிப் புதியது மாட்டுவது என் வழக்கம். அறுந்ததற்கும் கழற்றியதற்கும் இதற்கு வேற்றுமை தெரியவில்லையே" என்றார்.

நிகழ்ந்தது யாதெனின், அவருடைய பழைய நோட்டுப் புத்தகங்களைப் பார்த்துக் கணிப்பொறியில் ஏற்றும் வேலையை வேற்றூரார் ஒருவர் செய்திருந்தார். புதிய பெல்ட் மாட்டிய நாள் ஒவ்வொன்றையும், பழைய பெல்ட் பழுதுற்ற நாளாகவே அவர் கொண்டுவிட்டார். கணிப்பொறியும் தனக்குச் சொன்னதை நம்பிற்று. அதன் கணக்கில் ஒரு புள்ளியேனும் பிழை இல்லை. அதற்குக் கொடுத்த சொல்லே பிழை.

அப்புத்தகங்களை முதலிலிருந்து மீண்டும் படித்துக் குறிக்கும் பணி, விடுமுறையில் வேறு வேலையின்றி இருந்த எம்மிடம் வந்து சேர்ந்தது. அவை மொத்தம் 18. செல்லரித்த ஏட்டுச்சுவடிகளை ஒப்புநோக்கிப் பாடங்கண்ட பெரியோர்களைப் பற்றி வகுப்பிற் பலகாற் கேட்டிருக்கின்றோம். டீசல் எண்ணெய் படிந்த சுவடிகளைப் படிக்கும் பேறு எமக்கு வாய்த்தது. சில பக்கங்கள் பென்சிலால் எழுதப்பெற்று மங்கியிருந்தன. சிலவற்றில் எழுத்தைக் காட்டிலும் கைரேகையே தெளிவாய் இருந்தது.

மூன்றாம் நாளில் ஓர் உண்மை எமக்குப் புலனாயிற்று. மாமன் எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். இலக்கணம் முறையாகப் பயின்றவரல்லர். ஆயினும், அவருடைய எழுத்தில் ஓர் இலக்கணம் முப்பது ஆண்டுகளும் வழுவாமல் நின்றது. பொறி தானாக ஓய்ந்த இடத்தில் 'நின்றது' என்றும், தாம் ஓயச் செய்த இடத்தில் 'நிறுத்தினேன்' என்றும் எழுதியிருந்தார். 'அறுந்தது' வேறாகவும், 'கழற்றினேன்' வேறாகவும் இருந்தன. 'உடைந்தது' என்ற இடத்தில் 'உடைத்தேன்' என்றோ, 'மாற்றினேன்' என்ற இடத்தில் 'போயிற்று' என்றோ ஓரிடத்தும் வரவில்லை. தன்வினை என்றும் பிறவினை என்றும் யாம் தேர்வின்பொருட்டு மனப்பாடம் செய்த வேற்றுமையை, அவர் உயிர்களின்பொருட்டுக் காத்து வைத்திருந்தார்.

இவ்வேற்றுமையே புள்ளியியலார் பெரிதும் போற்றுவதாகும். தானாக நின்ற உறுப்பின் ஆயுள் முடிந்தது. அதன் முழு அளவை நாம் அறிவோம். நிறுத்திக் கழற்றிய உறுப்பின் ஆயுளோ முடியவில்லை. 'இத்தனை நாளுக்குக் குறையாமல் உழைத்தது. விட்டிருந்தால் மேலும் உழைத்திருக்கும்' என்பதே அதனைப் பற்றி நாம் சொல்லத்தக்கது. இன்றும் ஓடிக்கொண்டிருக்கும் உறுப்பிற்கும் இதுவே விதி. இத்தகைய குறிப்பைச் 'சென்ஸார்' பட்டது என்பர் அத்துறையார். கதையின் முடிவு திரைக்குப் பின்னே மறைந்தது என்பது கருத்து. முடிவு தெரியாதெனினும் அக்கதையைத் தள்ளிவிடலாகாது. முடிந்ததாக எழுதிவிடவும் ஆகாது.

வாசகர் தெளியுமாறு சிறியதொரு கற்பனைக் கணக்கை இடுவோம். 10 பெல்ட்டுகள் உள்ளன என்று கொள்க. அவற்றுள் 4 முறையே 6, 8, 10, 12 மாதங்களில் அறுந்தன. எஞ்சிய 6 பெல்ட்டுகளும் 14-ஆம் மாதத்தில், நன்றாயிருக்கையிலேயே கழற்றப்பெற்றன. அறுந்தவற்றை மட்டும் எண்ணுவோர் சராசரி ஆயுள் 9 மாதம் என்பர். கழற்றியவற்றையும் அறுந்தனவாக எண்ணுவோர் 12 மாதம் என்பர். எல்லாப் பெல்ட்டுகளும் உழைத்த மாதங்களைக் கூட்டி, வந்த 120-ஐ உண்மையில் அறுந்த 4-ஆல் வகுப்போர் 30 மாதம் என்பர். இறுதியிற் சொன்னது, அறுந்துபோகும் இடர் எவ்வயதிலும் ஒன்றே என்று வைத்து இட்ட கணக்காகும். தேயும் இயல்புடைய பொருளுக்கு வெய்புல் சூத்திரத்தின்படி திருத்தினால் விடை அதனினும் குறையலாம். ஆனால் 12 என்பதற்கு மேலேயே நிற்கும். ஒரே புத்தகம், ஒரே பத்து பெல்ட்டுகள். படித்தவர் ஒரு வினைச்சொல்லை எங்ஙனம் கொண்டார் என்பதைப் பொறுத்து மூன்று விடைகள்.

சில இடங்களில் மாமனுடைய இலக்கணமும் எமக்கு முழுத் துணையாகவில்லை. எழுவாய் இல்லாத 'நின்றது' பல இருந்தன. நின்றது பம்போ, மின்சாரமோ? அதே நாளில் ஜெனரேட்டரின் புத்தகத்தில் 'ஓட்டினேன்' என்று இருக்குமாயின், நின்றது மின்சாரமே என்று துணிந்தோம். அச்சான்றும் இல்லாத இடத்தில் மாமனைக் கேட்டோம். அவரும் நினைவில்லை என்ற இடங்களில், 'தெரியாது' என்றே குறித்தோம். ஊகித்து நிரப்புதல் எளிது. நிரப்பிய பக்கம் காண்பதற்கும் அழகாயிருக்கும். ஆனால் அவ்வூகத்தை நம்பி ஒருநாள் ஒரு பொறியைக் கவனியாது விடுவார்களே என்னும் எண்ணம் எம் கையைத் தடுத்தது.

பழுதுறாதவற்றைக் கணக்கில் மறப்பதால் விளையும் கேடு பெரிது. 1986-ஆம் ஆண்டு ஜனவரி 28-ஆம் நாள், அமெரிக்க விண்வெளி ஓடமாகிய சாலஞ்சர் புறப்பட்ட 73 நொடிகளில் சிதறி, அதிலிருந்த எழுவரும் மாண்டனர். அதன் பக்கத்து உந்துகலத்தின் மூட்டை அடைக்கும் ரப்பர் வளையம் குளிரால் தன் நெகிழ்ச்சியை இழந்தமையின் வெவ்வாயு கசிந்தது. முந்தின இரவே பொறியாளர் சிலர் குளிரைக் குறித்து எச்சரித்தனர். ஆனால் அன்று ஒப்புநோக்கியவை, வளையம் பழுதுற்ற பயணங்களே. அவை தண்மையிலும் வெம்மையிலும் கலந்து கிடந்தமையின் தொடர்பு ஒன்றும் புலப்படவில்லை. பழுதற்ற பயணங்களையும் உடன்வைத்து நோக்கிய விசாரணைக் குழுவினர் கண்டது வேறு. மூட்டின் வெப்பநிலை 66 டிகிரி பாரன்ஹீட்டும் அதற்கு மேலுமாக இருந்த 20 பயணங்களில் 3-இல் மட்டுமே வளையம் பழுதுற்றது. 63-உம் அதற்குக் கீழுமாக இருந்த 4 பயணங்களில் நான்கிலும் பழுதுற்றது. ஒன்றும் நிகழாத பயணங்களும் சான்று சொல்ல வந்திருந்தன, கேட்பார் இல்லை.

இதன் மறுதலையையும் ஓர் அறிஞர் முன்னரே காட்டியுள்ளார். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், கொலம்பியாப் பல்கலைக்கழகத்துப் புள்ளியியல் ஆராய்ச்சிக் குழுவில் ஆபிரகாம் வால்ட் என்பார் பணியாற்றினார். குண்டடி பட்டுத் திரும்பிய போர்விமானங்களின் காயங்களைக் கொண்டு, எவ்வுறுப்பு அடிபட்டால் விமானம் வீழும் என அறியும் முறையை அவர் 1943-ஆம் ஆண்டில் வகுத்தார். திரும்பியவற்றை மட்டும் நோக்கினால், காயம் மிக்க இடமே காப்பு வேண்டும் இடமாகத் தோன்றும். திரும்பாதவற்றையும் மனத்திற் கொண்டாலோ, காயம் அரிதாய்க் காணப்படும் இடமே உயிர்நிலை என்பது விளங்கும். அங்கு அடிபட்டவை திரும்பவில்லை. இப்பெரியார் நம் நாட்டிற்குச் சொற்பொழிவாற்ற வந்திருந்தபொழுது, 1950-ஆம் ஆண்டு டிசம்பர் 13-ஆம் நாள், நீலகிரி மலைப்பகுதியில் நிகழ்ந்த விமான விபத்தில் தம் துணைவியாரோடு உயிர் நீத்தார். திரும்பி வாராத விமானங்களுக்காகப் பேசியவர், திரும்பி வாராத விமானமொன்றில் நம் மலையிலே மறைந்தார் என்பதைப் படிக்குந்தோறும் எம் நெஞ்சம் கனக்கின்றது.

இதுகாறும் கூறியவற்றால், கைப்பழக்கமே மெய், கணிப்பொறி பொய் என்று வாசகர் கொள்ளற்க. குறிப்புக்களைத் திருத்தி ஏற்றிய பின் வந்த பட்டியல், பெல்ட்டுகளின் ஆயுளை நீட்டிக் காட்டிற்று, மாமன் மகிழ்ந்தார். ஆனால் அதே பட்டியல், அவர் எதிர்பாராத ஒன்றையும் கூறிற்று. நீரேற்றும் பம்புகளை ஆண்டிற்கொரு முறை பிரித்துத் துடைத்து மூடுவது அவர் வழக்கம். அங்ஙனம் மூடிய பின் வந்த முதற் சில வாரங்களிலேயே அப்பம்புகள் மிகுதியாகப் பழுதுற்றிருந்தன. வடிவெண் 1-இனும் குறைந்திருந்தது. நலமாய் ஓடிய பம்பைத் திறந்ததே சில வேளைகளில் அதற்கு நோயாயிற்று என்பது இதன் பொருள். மாமன் அன்று மாலை அதிகம் பேசவில்லை. மறுநாட் காலையில், "கேட்டுப் பார்ப்போம். இந்த முறை ஓசையும் சூடும் சரியாயிருக்கிற பம்புகளைத் திறக்க வேண்டாம்" என்றார். முப்பது ஆண்டுப் பழக்கத்தை ஒரு தாளின் சொற்கேட்டு நிறுத்திவைக்கும் மனம் எளிதில் வருவதன்று. அதனினும் பெரிய பாடத்தை அவ்விடுமுறையில் யாம் கற்கவில்லை.

இதுவும் உலகம் முன்னரே கண்டதொரு செய்தி. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் கடற்கரைக் காவல் விமானப் பிரிவில் ஆராய்ச்சி செய்த வாடிங்டன் குழுவினர், குறித்த மணிக்கணக்கில் நடைபெற்ற பரிசோதனைக்குப் பின்னரே விமானங்களில் எதிர்பாராத பழுதுகள் மிகுந்து, நாள் செல்லச் செல்லக் குறைந்ததைக் கண்டனர். பின்னர் 1978-ஆம் ஆண்டில், அமெரிக்க விமான நிறுவனமொன்றைச் சார்ந்த நௌலன், ஹீப் என்னும் இருவர், பயணிகள் விமானத்தின் உறுப்புக்களை ஆராய்ந்து எழுதிய அறிக்கையில், 100-க்கு 89 உறுப்புக்களுக்கு வயது வரம்பு வைத்து மாற்றுவதால் நன்மையில்லை என்று காட்டினர். அவற்றுள்ளும் 68 உறுப்புக்கள், புதியனவாய் இருக்கையிலேயே இடர் மிக்கன. முதியவை எல்லாம் வீழத்தக்கவை என்றும், புதியவை எல்லாம் நம்பத்தக்கவை என்றும் நாம் எண்ணுவது எப்பொழுதும் மெய்யாகாது.

புத்தகங்கள் 18-உம் முடிந்த நாளில், கடைசிப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு மாமன் கூறியதொன்று எம் நினைவை விட்டு நீங்கவில்லை. "எல்லாம் சரியாய் ஓடிய இரவுகளை நான் எழுதவே இல்லையே. அந்த இரவுகளுக்குத்தானே நான் இத்தனை நாள் பாடுபட்டது" என்றார். உண்மையே. பழுது வந்தால் எழுதுகின்றோம், வாராதிருந்தால் எழுதுவதில்லை. ஆகவே ஒருவர் தம் தொழிலை எவ்வளவுக்கு எவ்வளவு நன்றாகச் செய்கின்றாரோ, அவ்வளவுக்கு அவ்வளவு ஏட்டில் அவர் பெயர் குறைகின்றது. பழுதுகள் குறைவாய் உள்ளனவே, பேணுவோர் எதற்கு என்று கேட்பாரும் அதனால் எழுகின்றனர். ஆனால் 'நிறுத்தினேன்', 'கழற்றினேன்' என்று அவர் எழுதிய ஒவ்வொரு வரியும், அதற்கு முன் ஓடிய நூற்றுக்கணக்கான இரவுகளைத் தன்னுள் அடக்கியிருந்தது. அவ்வரியை மெய்யாகப் படிக்கும் கணக்கு, எழுதப்படாத அவ்விரவுகளையும் சேர்த்தே எண்ணுகின்றது.

இப்பொழுது அம்மருத்துவமனையின் கணிப்பொறியில், பொறியொன்று ஓய்ந்ததைக் குறிக்கப் புகுவார்க்கு முதலில் தோன்றுவன இரண்டு சொற்கள். ஒன்று 'நின்றது', மற்றொன்று 'நிறுத்தினேன்'. இரண்டில் ஒன்றைத் தொட்டாலன்றி மேலே செல்ல வழியில்லை. அவற்றின் கீழே 'தெரியாது' என்ற மூன்றாம் சொல்லும் உண்டு. அதனையும் சேர்க்க வேண்டுமென்று கேட்டவர் மாமனே.

இக்கல்லூரியில் ஆய்வுக்கூடத்துக் கருவிகளைக் கையாளும் தோழர்களும், ஆலைகளிலும் மின்நிலையங்களிலும் பணியாற்றும் பழைய மாணவர்களும் இதனைப் படிக்கக் கூடும். கணிப்பொறிகள் இனி நமக்காகப் பல கணக்குகளைத் தாமே இடும், அது நன்றே. அவற்றிற்கு நாம் கொடுக்கும் சொல் மட்டும் நம்முடையது. நின்றதை நின்றது என்றும், நிறுத்தியதை நிறுத்தினோம் என்றும், அறியாததை அறியோம் என்றும் எழுதி வைப்போமாக. நாம் பார்த்தறியாத ஒருவர், நாம் இல்லாத ஓர் இரவில், அவ்வெழுத்தை நம்பி உறங்குவார்.